சயாம் மன்னருக்கு மேடை செய்த அநீதி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாய்லாந்தின் பழைய மன்னர் ஒருவரை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள் என்றால், ஆங்கிலப் படம் பார்த்துப் பழகிய தலைமுறைக்கு யாருடைய முகம் தோன்றும்? மழித்த தலை, திறந்த மார்பு, இடுப்பில் கைகளை ஊன்றி உறுமும் தோரணை. அந்த முகம் எந்தத் தாய்லாந்து மன்னருடையதும் அல்ல. ரஷ்யாவின் விளாடிவோஸ்தோக் நகரில் பிறந்த யூல் பிரைனர் என்ற நடிகருடையது. 'தி கிங் அண்ட் ஐ' என்ற இசை நாடகம் 1951ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் தேதி நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ஏறியது. முதல் சுற்றிலேயே 1,246 காட்சிகள். 1956இல் திரைப்படமாகி, பிரைனருக்கு ஆஸ்கார் விருதையும் வாங்கித் தந்தது. 1985இல் அவர் இறக்கும் வரை மேடையில் அந்த வேடத்தை 4,625 முறை போட்டார் என்பது கணக்கு. ஒரு மனிதரின் உண்மையான முகத்தை மறைத்துவிட இது போதாதா?

மறைந்துபோன முகத்துக்குச் சொந்தக்காரர் மோங்குட் மன்னர். 1851 முதல் 1868 வரை சயாமை ஆண்ட நான்காம் இராமா. சயாம் என்றதும் மலேசியத் தமிழர் வீடுகளில் மன்னர் நினைவு வருவதில்லை. மரண ரயில் பாதையும், தோட்டத்திலிருந்து கொண்டு போகப்பட்டுத் திரும்பி வராத தாத்தாக்களும்தான் நினைவுக்கு வருவார்கள். இது அதற்கு 80 ஆண்டுகள் முந்திய கதை. இதிலும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பெரிய பங்கு உண்டு.

நாடகத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அன்னா லியோனோவென்ஸ் என்ற ஆங்கிலேய விதவை, தன் மகனை அழைத்துக்கொண்டு பாங்காக்கில் வந்து இறங்குகிறார். மன்னரின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது வேலை. மன்னரோ முரடர், பிடிவாதக்காரர், உடைந்த ஆங்கிலத்தில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிப்பு மூட்டுபவர். ஆசிரியை பாடுகிறார், ஆடக் கற்றுக் கொடுக்கிறார், நாகரிகம் சொல்லித் தருகிறார். மன்னர் கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறார். டுப்டிம் என்ற அந்தப்புரப் பெண் காதலனோடு தப்பி ஓடிப் பிடிபடும்போது, சவுக்கை ஓங்கிய மன்னர் ஆசிரியையின் பார்வைக்கு முன்னால் அடிக்க முடியாமல் நொறுங்கிப் போகிறார். பிறகு படுக்கையில் விழுந்து, ஆசிரியை பக்கத்தில் இருக்க உயிர் துறக்கிறார். சிறுவனான இளவரசர், இனி யாரும் மண்டியிட்டுத் தவழ வேண்டாம் என்று அறிவிக்கும்போது திரை விழுகிறது.

பாட்டுகள் இனிமையானவை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. வம்பே அந்த இனிமையில்தான் இருக்கிறது.

உண்மையில் 1862 மார்ச்சில் அன்னா வந்து இறங்கியபோது மன்னருக்கு வயது 57. மெலிந்த உடல். நோயினால் முகத்தின் ஒரு பக்கம் சற்றே இழுத்துக்கொண்டிருக்கும். ஜான் தாம்சன் என்ற புகைப்படக் கலைஞர் 1865இல் அவரைப் படம் எடுத்திருக்கிறார். பார்த்தால் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் போலத்தான் தெரிவார். அந்தத் தோற்றமும் பொய் சொல்லவில்லை. 20 வயதில் துறவு பூண்டு, 27 ஆண்டுகள் புத்த பிக்குவாக வாழ்ந்தவர் அவர். பாலி மொழியில் ஆழ்ந்த புலமை. பாங்காக்கில் இருந்த பிரெஞ்சு ஆயர் பல்லேகுவாவிடம் லத்தீன் படித்தார். பதிலுக்கு அவருக்குப் பாலி சொல்லிக் கொடுத்தார். அமெரிக்கப் பாதிரிமாரிடம் ஆங்கிலம் கற்றார். தம்மயுத் என்ற பௌத்தச் சீர்திருத்தப் பிரிவைத் தோற்றுவித்தார். தம் மடாலயத்தில் அச்சு இயந்திரம் வைத்தார். இவ்வளவும் அன்னா என்ற பெயரைக் கேள்விப்படுவதற்கு முன்பே.

நாடகத்தின் வகுப்பறைக் காட்சியில் ஒரு பழைய வரைபடம் தொங்கும். அதில் சயாம் பெரிதாகவும் மற்ற நாடுகள் சின்னஞ்சிறிதாகவும் இருக்கும். ஆசிரியை புதிய வரைபடத்தை விரித்துக் காட்ட, அரண்மனையே அதிர்ச்சியில் வாய் பிளக்கும். அரங்கில் சிரிப்பலை. பூகோள உருண்டையும் தொலைநோக்கியும் வைத்துக்கொண்டு அட்சரேகை, தீர்க்கரேகை கணக்குப் போட்ட ஒரு மனிதரின் அரண்மனை அது!

யானைக் கதை இன்னும் வேடிக்கை. நாடகத்தில் மன்னர் அதிபர் லிங்கனுக்கு யானை அனுப்பப் போவதாகக் கடிதம் எழுதச் சொல்கிறார். ஆண் யானைகளைக் காட்டில் விட்டால் போதும், பெருகிவிடும் என்று நினைக்கிறார். பெண் யானை வேண்டாமா என்று ஆசிரியை கேட்க, அரங்கம் குலுங்கும். உண்மைக் கடிதம் 1861 பிப்ரவரியில் எழுதப்பட்டது. அன்னா பாங்காக் வருவதற்கு ஓராண்டு முன்பு. அமெரிக்க உள்நாட்டுப் போரும் அப்போது தொடங்கியிருக்கவில்லை. அமெரிக்காவில் யானைகள் இல்லை என்று கேள்விப்பட்டு, ஆணும் பெண்ணுமாக இளம் யானை ஜோடிகளை அனுப்பலாம், காட்டில் விட்டுப் பெருக்கிச் சுமை தூக்கப் பயன்படுத்தலாம் என்று மன்னர் தெளிவாகவே எழுதினார். ஆணும் பெண்ணும் என்று கடிதத்தில் இருக்கிறது. அந்தப் 'பெண்' என்ற சொல்லை அடித்துவிட்டால்தான் சிரிப்பு கிடைக்கும் என்பதால் நாடகம் அதை அடித்துவிட்டது. 1862 பிப்ரவரியில் லிங்கன் மரியாதையாகப் பதில் எழுதினார்: எங்கள் நாட்டின் தட்பவெப்பம் யானைக்கு ஒத்துவராது, நீராவியே எங்களுக்குப் போதும் என்று. இரு நாட்டுத் தலைவர்களுக்கு இடையே நடந்த கண்ணியமான கடிதப் போக்குவரத்து, மேடையில் ஒரு முட்டாளின் உளறலாக மாறியது.

இப்போது மரணத்துக்கு வருவோம். அதுதான் மனத்தை உறுத்துவது.

1868ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம் நிகழும், அதைத் தெளிவாகப் பார்க்கக்கூடிய இடங்களில் ஒன்று சயாமின் தென்கரையில் உள்ள வா கோ என்று மோங்குட் தாமே கணித்தார். அரசவையே அங்கு பெயர்ந்து போனது. பிரான்சிலிருந்து வானியல் அறிஞர்கள் வந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஆளுநர் சர் ஹாரி ஓர்ட் வந்தார். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் அப்போது அவர் நிர்வாகத்தில் இருந்தன. கணக்கு பிசகவில்லை. அத்தனை பேர் முன்னிலையில் பட்டப்பகல் இருண்டது. ஆனால் அந்தக் கரை சதுப்பு நிலம். மன்னருக்கும் மகன் சூலாலங்கோர்னுக்கும் மலேரியா கண்டது. மகன் பிழைத்துக்கொண்டார். மன்னர் அக்டோபர் 1ஆம் தேதி காலமானார். தாய்லாந்து ஆகஸ்ட் 18ஆம் தேதியை இன்றும் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறது.

அறிவியலுக்காகப் போய் நோய் வாங்கி இறந்தவரை, ஓர் ஆசிரியையிடம் தோற்ற மனவேதனையில் இறந்தவராகக் காட்டினால் அதற்கு என்ன பெயர்? அந்த ஆசிரியை அவரது படுக்கை அருகில் இருந்திருக்கவும் முடியாது. 1867இலேயே அவர் சயாமை விட்டுப் போய்விட்டார்.

டுப்டிம் விவகாரமும் அப்படித்தான். அன்னா எழுதிய இரண்டாவது நூலில் அந்தப் பெண்ணும் ஒரு துறவியும் சித்திரவதைக்குப் பின் உயிரோடு எரிக்கப்பட்டதாக வருகிறது. அரண்மனைக்கு அடியில் பாதாளச் சிறைகள் இருந்ததாகவும் எழுதினார். நாலடி தோண்டினால் தண்ணீர் ஊறும் பாங்காக்கில் பாதாளச் சிறையா என்று வரலாற்றாசிரியர்கள் கேட்டார்கள். அப்படி ஒரு பகிரங்கத் தண்டனை நடந்ததாக, அன்று பாங்காக்கில் வாழ்ந்த மற்ற வெளிநாட்டவர் யாரும் எழுதி வைக்கவில்லை. மாறாக, மோங்குட் ஆட்சிக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, அந்தப்புரத்தை விட்டு வெளியேற விரும்பும் பெண்கள் விலகிச் சென்று திருமணம் செய்துகொள்ளலாம் என்று அரச அறிவிப்பு வெளியிட்டார். பிள்ளை பெற்ற மனைவியருக்கு மட்டும் அது பொருந்தவில்லை.

அவரை ஒரே அடியாகப் புனிதராக்கவும் தேவையில்லை. அவருக்குப் பல மனைவியர், 80க்கும் மேற்பட்ட பிள்ளைகள். அடிமை முறையும் கட்டாய உழைப்பும் அவர் காலத்தில் இருந்தன. அடிமை முறையைப் படிப்படியாக ஒழித்தது மகன் சூலாலங்கோர்ன்தான். 1855இல் பிரிட்டனின் பௌரிங்கோடு செய்துகொண்ட உடன்படிக்கை சயாமுக்குச் சமமான ஒப்பந்தம் அல்ல. ஆனாலும் பர்மா ஒரு பக்கம் துண்டு துண்டாகப் பிரிட்டிஷார் கையில் விழ, வியட்நாம் மறுபக்கம் பிரெஞ்சுக்காரர் கையில் விழ, நடுவில் சயாம் மட்டும் குடியேற்ற நாடாகவில்லையே, அந்தச் சாமர்த்தியத்தின் அடித்தளம் அந்த 'முரட்டு' மன்னர் போட்டது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் வரலாறு.

சரி, இந்தப் பொய் எங்கே பிறந்தது? பதில் பினாங்கில் இருக்கிறது.

தம் கணவர் ஒரு ராணுவ அதிகாரி என்றும், சிங்கப்பூரில் புலி வேட்டைக்குப் போய் வெயில் தாங்காமல் இறந்தார் என்றும் அன்னா சொல்லிக்கொண்டார். ஜார்ஜ்டவுனில் சுல்தான் அகமது ஷா சாலையில் உள்ள பழைய புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தில், பிரான்சிஸ் லைட் அடக்கமாகியிருக்கும் அதே இடத்தில், தாமஸ் லியோனோவென்ஸின் கல்லறை இருக்கிறது. 1859இல் இறந்தார். கிராணி வேலை பார்த்தவர், கடைசியில் பினாங்கில் தங்கும் விடுதி நடத்தியவர். அன்னா தாம் வேல்ஸில் 1834இல் பிறந்ததாகச் சொன்னதும் உண்மையில்லை. 1831இல் இந்தியாவில், பம்பாய் மாநிலத்து அகமத்நகரில், ஒரு சாதாரண சார்ஜெண்டின் மகளாகப் பிறந்தவர். தாய்வழியில் இந்திய ரத்தம் இருந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதையெல்லாம் முதலில் துருவிக் கண்டுபிடித்தவர் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயர். அவருடைய துறை வரலாறு அல்ல, சிலந்திப்பூச்சி ஆராய்ச்சி! வலை பின்னுவதைப் பற்றி அவருக்குத் தெரியாததா? 1976இல் அவர் நூல் வெளிவந்தது. அதற்குள் நாடகத்துக்கு வயது 25.

அன்னாவைத் திட்டித் தீர்ப்பதும் நியாயமில்லை. கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூரில் ஒரு சிறிய பள்ளிக்கூடம் நடத்திப் பிழைக்கப் பார்த்த பெண். கலப்பினப் பிறப்பு, ஏழைக் குடும்பம் என்று உண்மையைச் சொல்லியிருந்தால், நிறம் பார்த்து நாற்காலி போட்ட அன்றைய வெள்ளையர் சமூகத்தில் எந்த அதிகாரி தன் பிள்ளையை அவரிடம் அனுப்பியிருப்பான்? அந்தப் பொய் வயிற்றுக்காகச் சொன்னது. சிங்கப்பூரில் சயாமின் தூதராக இருந்த வணிகர் டான் கிம் சிங் வழியாகத்தான் அவருக்குப் பாங்காக் வேலை அமைந்தது. பிறகு அமெரிக்காவுக்குப் போய், புத்தகம் எழுதி, சொற்பொழிவு நிகழ்த்திச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. அங்கே அந்தப்புரக் கொடுமை விற்கும். பாலி மொழி படித்த மன்னர் விற்க மாட்டார். 1870இல் முதல் நூல், அடுத்த சில ஆண்டுகளில் டுப்டிம் வரும் இரண்டாவது நூல். தன் பிறப்பைப் பற்றிய பொய்யால் யாருக்கும் கேடில்லை. மன்னரைப் பற்றியது அப்படி அல்ல. அது சோறு போட்டவர் மீது பூசிய சேறு. வேடிக்கை என்னவென்றால், அவருடைய மகன் லூயிஸ் பெரியவனானதும் அதே சயாமுக்குத் திரும்பிப் போய், சூலாலங்கோர்னிடம் வேலை பார்த்து, தன் பெயரில் ஒரு வணிக நிறுவனமே தொடங்கினார்.

அந்த நூல்களை எல்லாரும் மறந்துவிட்ட காலத்தில், தாய்லாந்தின் திராங் நகரில் பாதிரியார் மனைவியாக வாழ்ந்த மார்கரெட் லாண்டன் அவற்றைத் தூசி தட்டி 1944இல் ஒரு நாவலாக்கினார். முக்கால் பங்கு உண்மை, கால் பங்கு உண்மையின் அடிப்படையில் புனைந்தது என்பது அவர் தந்த கணக்கு. அந்த முக்கால் பங்கும் அன்னா சொன்னதுதான் என்பதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1946இல் ரெக்ஸ் ஹாரிசன் நடித்த படம் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்த மேடை நட்சத்திரம் கெர்ட்ரூட் லாரன்ஸ், அன்னா வேடம் தமக்கு ஏற்றது என்று முடிவு செய்து, ரிச்சர்ட் ராட்ஜர்ஸையும் ஆஸ்கார் ஹாமர்ஸ்டைனையும் அணுகினார்.

இங்கேதான் இசை நாடகத்தின் தொழில் ரகசியம் இருக்கிறது. நாயகிக்காகக் கட்டப்படும் கதையில் நாயகி யாரையாவது திருத்தியாக வேண்டும். திருத்துவதற்குத் திருந்தாதவர் ஒருவர் வேண்டும். 57 வயது அறிஞரைத் திருத்துவதற்கு என்ன இருக்கிறது? ஆகவே அறிஞர் மாணவராக்கப்பட்டார். இது ஊகம் அல்ல என்பதற்கு அதே இருவரின் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' சாட்சி. 1959இல் மேடையேறியது. அங்கேயும் ஒரு கண்டிப்பான தந்தை, வீடு நிறையப் பிள்ளைகள், பாட்டால் எல்லாரையும் மாற்றும் ஓர் இளம் ஆசிரியை. நிஜ வாழ்வில் ஆஸ்திரியக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் வான் ட்ராப் பாசமான தந்தை. மரியா வருவதற்கு முன்பே அந்த வீட்டில் இசை இருந்தது. அவரை உணர்ச்சியற்றவராகக் காட்டியது குடும்பத்தாருக்குத் தீராத வருத்தம். குடும்பம் 1938இல் மலை ஏறித் தப்பவும் இல்லை. ரயில் ஏறி இத்தாலிக்குப் போனது. படத்தில் காட்டும் சால்ஸ்பர்க் மலையைத் தாண்டினால் போய்ச் சேர்வது ஹிட்லரின் ஜெர்மனிக்குத்தான்! ஐரோப்பியருக்கும் அதே அச்சு, ஆசியருக்கும் அதே அச்சு. ஆனால் ஒரு வேறுபாடு. ஜார்ஜ் வான் ட்ராப்பைப் பார்த்து, ஆஸ்திரியர் எல்லாரும் இப்படித்தான் என்று யாரும் நினைப்பதில்லை. மோங்குட்டைப் பார்த்து, ஆசிய மன்னர் என்றால் இப்படித்தான் என்று உலகம் நினைத்தது.

ஹாமர்ஸ்டைன் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். 1949இல் 'சவுத் பசிபிக்' நாடகத்தில் நிறவெறியைத் துணிந்து சாடியவர். நல்லெண்ணத்தோடு செய்த தவறு என்பதால்தான் இது இத்தனை நாள் நிலைத்தது. பகை எண்ணத்தோடு எழுதியிருந்தால் ஒரு பருவத்தோடு மங்கிப் போயிருக்கும்.

மறுப்பு வரவில்லையா? வந்தது. செனி பிரமோஜ், குக்ரிட் பிரமோஜ் என்ற அரச வம்சத்துச் சகோதரர்கள் 1948இலேயே மோங்குட்டின் எழுத்துகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக்கினார்கள். இருவரும் வெவ்வேறு காலங்களில் தாய்லாந்துப் பிரதமர்களாக இருந்தவர்கள். குக்ரிட் 1963இல் மார்லன் பிராண்டோவோடு ஹாலிவுட் படத்திலேயே பிரதமர் வேடத்தில் நடித்தார் என்பது தனிக் கதை. 1961இல் மோஃபட் என்ற அமெரிக்கர் மோங்குட்டின் வரலாற்றை எழுதினார். நல்ல நூல். ஆனால் நூலை முணுமுணுத்துக்கொண்டே யாரும் துணி துவைப்பதில்லை. பாட்டை முணுமுணுக்கிறார்கள்.

தாய்லாந்து அரசு வேறு வழியில் போனது: தடை. 1956ஆம் ஆண்டுப் படத்துக்குத் தடை. 1999இல் ஜோடி ஃபாஸ்டரும் சௌ யுன் ஃபாட்டும் நடித்த 'அன்னா அண்ட் தி கிங்' படத்துக்கு, தாய்லாந்தில் படப்பிடிப்பு நடத்தவும் அனுமதி இல்லை, திரையிடவும் அனுமதி இல்லை. படக்குழு மலேசியாவுக்கு வந்தது. ஈப்போ பக்கத்தில் அரண்மனை எழுந்தது. பினாங்குத் தெருக்கள் பாங்காக் ஆயின. கணவரின் கல்லறை இருக்கும் அதே ஜார்ஜ்டவுனில், அன்னாவின் கதையை இன்னொரு முறை அவர் சொன்னபடியே படமாக்கினார்கள். படப்பிடிப்பால் சுற்றுலா வளரும் என்ற பேச்சு அன்று இருந்தது. இரண்டு கிலோமீட்டர் நடந்து அந்தக் கல்லைப் படித்துவிட்டு வரலாம் என்ற பேச்சு இல்லை.

தடையால் பலன் உண்டா? தாய்லாந்து மக்களுக்கு அது மான உணர்ச்சி. தம் பாட்டனாரை யாரோ சந்தையில் கோமாளியாக்கினால் எவருக்கும் வலிக்கும். ஆனால் தடை செய்த நாட்டுக்கு வெளியேதான் படம் ஓடியது. பாட்டு வெளியே, மறுப்பு உள்ளே. மன்னரைப் பற்றிக் குறையே பேசக்கூடாது என்ற சட்டம் இருக்கும் நாட்டிலிருந்து வரும் புகழ்ச்சியை வெளியுலகம் முழுதாக நம்பவும் மாட்டேன் என்கிறது. மோங்குட்டுக்கு இரண்டு பக்கத்திலும் நட்டம்.

நாடகத்தின் கடைசிக் காட்சியில், தவழ்ந்து வணங்க வேண்டாம் என்று அறிவிக்கும் அந்தச் சிறுவன் சூலாலங்கோர்ன், ஆசிரியை சொல்லிக் கொடுத்ததால் அப்படிச் செய்ததாகத் தோன்றும். உண்மையில் அவர் 15 வயதில் அரியணை ஏறினார். நிர்வாகம் சில ஆண்டுகள் அமைச்சர் சூரியவோங்சேயின் கையில் இருந்தது. நாடகத்தில் விறைத்துக்கொண்டு நிற்கும் அந்த 'களஹோம்' இவர்தான். 1871இல் இளம் மன்னர் சிங்கப்பூருக்கும் ஜாவாவுக்கும் பயணம் செய்தார், நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்க. 1873இல் தவழும் வழக்கத்தை ஒழித்தார். சிங்கப்பூருக்கு நன்றியாக அவர் அளித்த வெண்கல யானை இன்றும் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் நிற்கிறது. தினமும் எத்தனையோ பேர் அதைக் கடந்து போகிறார்கள்.

நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆங்கில இசை நாடகங்கள் அரங்கேறுவது உண்டு. 'தி கிங் அண்ட் ஐ'யைப் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல இசை, பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி. நிகழ்ச்சி நிரலில் ஒரு பக்கத்தை மோங்குட்டுக்கு ஒதுக்குங்கள். தாம்சன் எடுத்த படத்தை அச்சிடுங்கள். 1861ஆம் ஆண்டு யானைக் கடிதம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது; அதன் நகலை, மன்னர் வேடம் போடப்போகும் மாணவனிடம் ஒத்திகையின் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். ஆண் யானை வசனத்தை அவன் எப்படிப் பேசுகிறான் என்று பார்க்கலாம்.